காலுக்கு எட்டிய கிளட்ச்

எங்களுடையது முட்டை வியாபாரம். நாமக்கல்லில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி ஊர் கோழியை நம்பிப் பிழைக்கிறது, மீதி ஊர் லாரியை நம்பிப் பிழைக்கிறது. நாங்கள் இரண்டையும் நம்புகிறோம். பண்ணையில் முட்டை எடுத்துச் சின்ன லாரியில் ஏற்றி, சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலை மேலே சோளக்காடு, செம்மேடு கடைகளுக்கு வாரம் மூன்று நாள் கொண்டுபோய்ப் போடுகிறோம். வண்டி ஓட்டுவது என் கணவர். பக்கத்து சீட்டில் நோட்டும் பையுமாக உட்கார்ந்து, கடைக்குக் கடை எண்ணிப் போட்டுக் காசு வாங்குவது நான். போன வருஷம் வரைக்கும் அப்படி.

முட்டையில் லாபம் பைசாக் கணக்குதான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென்று தினமும் ஒரு விலை சொல்லும். அதற்கு மேல் எங்களுக்கு நிற்பது முட்டைக்குச் சில பைசாக்கள். ஒரு அட்டைக்கு 30 முட்டை. அதில் இரண்டு விரிசல் விட்டால் அந்த அட்டையில் சம்பாதித்தது போயிற்று. ஆகவே வண்டி குலுங்கினால் எனக்கு நெஞ்சு குலுங்கும். டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு இடுப்பு குலுங்குகிறது என்பது மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் சொல்வார்களா?

ஒரு நாள் செம்மேட்டில் அட்டைக் கட்டைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. இடது கால் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கீழ் முதுகில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் வண்டி ஓட்டாமல் இருங்கள், சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்ன இன்னொன்றை நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் கேட்க வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து அதிர்ந்துகொண்டே வருகிற முதுகு, வண்டியை நிறுத்திய உடனே சுமை தூக்கத் தயாராக இராதாம். இறங்கினதும் ஐந்து, பத்து நிமிஷம் காலாற நடந்துவிட்டுத்தான் மூட்டையில் கை வைக்க வேண்டுமாம். இவர் இருபது வருஷமாக இறங்கின கையோடு குனிந்து தூக்கியவர்.

ஆள் போட்டுப் பார்த்தோம். சம்பளம், பேட்டா, போதாததற்கு உடைந்த முட்டை. ஒன்றரை மாதத்தில் கையைக் கடித்தது. கடைகள் வேறு கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. ஒரு ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, நானே ஓட்டினா என்ன?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டி உனக்கு எட்டோணுமே புள்ள" என்றார்.

எனக்கு 2014-லிருந்து லைசென்ஸ் உண்டு. கொழுந்தனார் காரைக் கொல்லிமலைக்கே பல தடவை ஏற்றி இறக்கியிருக்கிறேன். கார் லைசென்சை வைத்துச் சரக்கு வண்டி ஓட்டலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு இலகுரக வாகன லைசென்சே போதும், தனி அனுமதி வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் அதையே உறுதி செய்தது. எங்கள் மாதிரிச் சின்ன லாரி சுமையோடு சேர்த்தாலும் மூன்று டன்னைத் தொடாது.

சட்டம் இடம் கொடுத்தது, வண்டிதான் கொடுக்கவில்லை. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய வண்டியில் முதுகுக்குத் தலையணை, அடியில் மடித்த ஜமுக்காளம் என்று எல்லாம் வைத்துப் பார்த்தோம். கிளட்சைக் கடைசி வரை மிதிக்க இடுப்பையே முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு ஆட்டுக்கல் ஆட்டுகிற பலம் வேண்டும். போதாததற்கு என்ஜின் சூடு சீட்டுக்கு அடியிலிருந்து அடித்தது. இதில் நான் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அடுத்த ஸ்கேன் எனக்குத்தான்.

அந்த வண்டியின் கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. பன்னிரண்டு வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. எட்டு வருஷம் தாண்டியதால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டியிருந்ததும், அப்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் செலவு வைத்ததும் அதன் வயசுக் கோளாறு. தெருவில் எல்லோரும் அதைக் 'குட்டி யானை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் 2005-ல் வந்த டாடா ஏஸுக்கு ஜனங்கள் வைத்தது. எங்களுடையது வேறு கம்பெனி. இருந்தாலும் சின்ன லாரி என்றாலே குட்டி யானை என்று ஆகிப்போனதே! மாமனாருக்கு இது கேட்டால் கோபம் வரும். அவர் வாங்கிய முதல் வண்டியிலிருந்து எங்கள் வாசலில் நின்றதெல்லாம் அந்த ஒரே கம்பெனி வண்டிதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது ஒரு குலவழக்கம் மாதிரி தொடர்ந்தது.

அதனால் முதலில் அதே கம்பெனியின் புது மாடலைத்தான் பார்க்கப் போனோம். சாவியை அவர் கையில் கொடுத்து, காலி வண்டியைத் தெருமுனை வரை விட்டுக் கூட்டி வந்தார்கள். நான் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தேன். வேகத்தடையில் பின்பக்கம் தவளை மாதிரிக் குதித்தது. காலியாக இருந்தால் எந்தச் சரக்கு வண்டியும் அப்படித்தான் குதிக்கும். பின் சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங் சுமைக்கென்று செய்தது. சுமை ஏறினால்தான் அடங்கி உட்காரும். ஆனால் சுமை ஏறிய பிறகுதானே கிளட்சும் பிரேக்கும் தன் உண்மையான குணத்தைக் காட்டும்? ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவதாகப் போனது டாடா ஷோரூம். ஏஸுக்குப் பெரிய தம்பியாக 2019-ல் வந்த இன்ட்ரா. அதில் வி30 என்கிற ரகம். 1,300 கிலோ தூக்கும் என்றார்கள். அங்கேயும் விற்பனைக்காரத் தம்பி சாவியை அவரிடம்தான் நீட்டினார். "ஓட்டப்போறது இவிங்க. அங்க குடுங்க" என்றார் இவர். அந்தத் தம்பி ஒரு நிமிஷம் என் தலையையும் வண்டியின் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வாங்க அக்கா" என்று கதவைத் திறந்துவிட்டார். பாவம், நல்ல பிள்ளை.

முதுகுக்கு என் தலையணையை வைத்துக்கொண்டு கிளட்சை மிதித்தேன். கடைசி வரை போயிற்று. முழங்கால் லேசாக மடங்கியே இருந்தது, இடுப்பு நகரவில்லை. டாக்டர் இவருக்குச் சொல்லிக் கொடுத்த அளவு அது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் கால் விறைக்கக் கூடாது, முதுகு சாய்மானத்தை விட்டுப் பிரியக் கூடாது. கியர் தண்டு தரையிலிருந்து முளைக்காமல் முன்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. புடவையோ சுடிதாரோ சிக்காது. ஸ்டியரிங்குக்கு மின்சாரத் துணை இருப்பதால் நின்ற இடத்திலேயே ஒரு கையால் திரும்புகிறது. நான் ஒன்றும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஜவுளிக்கடையில் புடவை பிடித்துவிட்டால் காட்டிக்கொள்வோமா?

"தம்பி, நாளைக்குச் சரக்கு ஏத்தி மலைக்குப் போய்ப் பாக்கோணும்" என்றேன்.

"மலைக்குங்களா அக்கா?"

"எங்க கடையெல்லாம் அங்கதானுங்க இருக்குது."

மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். டீசல் எங்களுடையது, கூட அவரும் வருவார் என்று முடிவாயிற்று. மறுநாள் விடியற்காலை 300 அட்டை ஏற்றினோம். 9,000 முட்டை. முட்டை ஒன்றுக்கு 50, 55 கிராம் என்று போட்டால் அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். விற்பனைக்காரத் தம்பி என் பக்கத்தில் உட்கார, இவர் இடுப்புப் பட்டையோடு கொழுந்தனார் காரில் பின்னால் வந்தார். அவர் முகம் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது. நல்லவேளை, பேச்சு கேட்கவில்லை.

காரவள்ளி தாண்டி முதல் வளைவுப் பலகை வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். ஏறுகிறவர்களுக்கு அது ஜபமாலை மாதிரி. முதல் பத்து வளைவு முதல் கியருக்கும் இரண்டாவதுக்குமாக மாறி மாறி, வாயில் வார்த்தை இல்லாமல் ஏறினேன். பிறகு பழகிவிட்டது. இருபதுக்கு மேலே ஒரு வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கிற்று. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விட வேண்டும், அது விதி. பஸ்ஸுக்கு யார் போய்ச் சொல்வது? சரிவில் நிறுத்தினேன். பின்னால் அரை டன் முட்டை. அதற்குப் பின்னால் இவரும் கொழுந்தனாரும்.

பரீட்சை இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கை பிரேக்கைப் போட்டேன். முதல் கியர். கிளட்சை மெள்ள விட்டேன். வண்டி முன்பக்கம் லேசாக நிமிர்கிற இடம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கை பிரேக்கைத் தளர்த்தினேன். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் ஏறிற்று. தம்பி அப்போதுதான் மூச்சு விட்டார். பழைய வண்டியில் இவர் இதைச் செய்யும்போது இடது தொடை நடுங்குவதைப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கால் நடுங்கவில்லை.

சோளக்காட்டுக் கடைக்காரர், நான் டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, அண்ணன் எங்க?" என்று வண்டிக்குள் தேடினார். எண்ணிப் போட்டதில் விரிசல் முட்டை 11. பழைய வண்டியில் முப்பதுக்குக் குறைந்ததில்லை. ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ண மாட்டேன். புது ஸ்பிரிங், காலை நேரம், நானும் பயந்து பயந்து ஓட்டியது எல்லாம் அதில் சேர்த்திதான். இறங்கும்போது இரண்டாவது கியரை விடவே இல்லை. என்ஜினே பிடித்துக்கொண்டு வந்தது. காரவள்ளியில் நிறுத்திச் சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிரேக் கருகிய வாசனை இல்லை. தம்பி சிரித்தார். அடுப்பங்கரைக்காரிக்கு மூக்குதானே மீட்டர்.

வீட்டில்தான் வளைவு இன்னும் அதிகம். அத்தை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்கண்ணு, உங்க மாமன் காலத்துல இருந்து அந்தக் கம்பெனிதான் நம்ம வாசல்ல நிக்குது. அதைப் போயி மாத்தறதா?" என்றார். நாத்தனார் போனில், பெண்பிள்ளை லாரி ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்றார். மெக்கானிக்கோ, பழக்கப்பட்ட வண்டியை விட்டால் உதிரி பாகத்துக்கு அலைவீர்கள் என்றார். நாமக்கல்லில் லாரியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்! மெக்கானிக் சொன்னதை மட்டும் நான் காதில் போட்டுக்கொண்டேன். டாடா உதிரி பாகம் வைத்திருக்கிற கடைகள் ஊருக்குள் எத்தனை என்று நடந்தே பார்த்துவிட்டு வந்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

அத்தைக்குப் பதில் சொன்னது இவர்தான். "ஏம்மா, கம்பெனிக்காரனா வந்து எம்பட இடுப்பை நீவி உடறான்? அப்பன் வாங்குன வண்டி அப்பனுக்குப் பொருந்துச்சு. இப்ப ஓட்டறது இவ."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றினார்.

பணத்துக்குச் சீட்டு எடுத்தோம். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக இறங்கியது எங்களுக்குப் பெரிய கைகொடுத்தல். நகையைத் தொடாமல் முன்பணம் கட்ட முடிந்தது. பழைய வண்டியை எடுத்துப்போக ஆள் வந்த அன்று இவர் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். நான்தான் கற்பூரம் காட்டி அனுப்பினேன்.

இப்போது சில மாதமாக நான் ஓட்டுகிறேன். இவர் பக்கத்து சீட்டில் நோட்டோடு வருகிறார். கூட்டலில் தப்பு விடுகிறார், அது வேறு கதை. கடை வந்ததும் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்கிறார். அட்டையைக் கடைப் பையன்கள் இறக்குகிறார்கள். கால் இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் ஒரே கஷ்டம், ஆண்கள் யோசித்தே பார்க்காத கஷ்டம். மலைப்பாதையில் ஒதுங்க இடம் கிடையாது. ஆரம்பத்தில் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஓட்டினேன். மதியத்துக்குள் தலைவலி. சிறுநீர்க் கடுப்பும் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். இப்போது காரவள்ளியில் ஒரு வீடு, சோளக்காட்டில் கடைக்காரர் வீடு, செம்மேட்டில் ஒரு வீடு என்று மூன்று வீட்டுப் பெண்களைப் பழக்கம் பிடித்து வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு நாலு முட்டை. கணக்கில் எழுதுவதில்லை.

போன வாரம் அத்தை, ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மலைக்குப் போக வேண்டும் என்றார். கொழுந்தனார் காரில் போகலாமே என்றதற்கு, "அதுல போனா வாந்தி வருது. உன்ற வண்டியிலயே வாறேன். முன்னாடி சீட்டு" என்றார். இரண்டே பேருக்கு இடமுள்ள வண்டி. அன்றைக்கு இவர் பஸ்ஸில்தான் வர வேண்டும்.