அடைமொழிக்குள் மறைந்திருக்கும் காலம்

ஊரின் பெயரிலேயே ஓர் அடைமொழியைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் புதுவை மக்கள். புதுமை, சேரி என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே புதுச்சேரி. 1674-இல் இங்குக் குடியேறிய பிரெஞ்சுக்காரரின் நாவில் அது ‘பொந்திஷேரி’ ஆயிற்று. அடைமொழியின் பொருள் அவர்களுக்குப் புலப்படாது போயிற்று. 2006-ஆம் ஆண்டில் பெயர் மாற்றப்பட்டபோது ‘புது’ என்னும் சொல் அரசு ஏடுகளிலும் இடம்பெற்றது. சில நூற்றாண்டுகளைக் கண்ட ஊரை இன்னும் ‘புது’ என்கிறோம். எவரும் பிழை காண்பதில்லை. அடைமொழி ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் உதிர்வதில்லை. ஊருக்கு இதனால் தீங்கில்லை. மனிதருக்கு ஒட்டினால் என்னாகும்? இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டைகளில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் அடிக்கடி உறங்கிவிடும் ஒரு மாணவனின் அட்டையில், சற்றும் சிந்தியாமல், ‘மந்தமானவன்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் அவனுடைய தாயார் அந்த அட்டையோடு பள்ளி வாயிலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

“சார், எம்புள்ள மந்தமானவன்னு எழுதியிருக்கீங்களாமே. அவன் எப்ப சார் மந்தமா ஆனான்? அவங்க அத்தாவுக்கு உடம்பு முடியாமப் போறதுக்கு முன்னாடி நல்லாத்தானே படிச்சான்?”

விடியற்காலையில் கடையொன்றில் வேலை பார்த்துவிட்டு அவன் பள்ளிக்கு வருகிறான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாணத்தால் தலை குனிந்தேன். அட்டையை வாங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘குடும்பச் சூழலால் பாடங்களில் பின்தங்கியிருக்கிற மாணவன், துணை கிடைத்தால் முன்னேறுவான்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றிரவு அந்தத் தாயின் வினா என்னை உறங்கவிடவில்லை. ‘எப்போது ஆனான்?’ என்று அவர் கேட்டது வெறும் தாய்ப்பாசம் அன்று. துல்லியமான இலக்கணமும் ஆகும். ‘மந்தமானவன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். மந்தம் ஆனவன். ‘ஆன’ என்பது ஆகு என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சம். ஆனவன் என்றால், முன்பு அவ்வாறு ஆகாதிருந்தவன் என்பது பெறப்படும். நான் ஓர் அடைமொழி எழுதியதாக எண்ணினேன். அவரோ அதற்குள் இருந்த வினையைக் கேட்டார். வினை இருந்தால் காலமும் இருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் வருணனைச் சொற்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தவை. அழகான, உயரமான, அமைதியான என்பவற்றில் பெயரோடு ‘ஆன’ சேர்ந்துள்ளது. அறிவுள்ள, பண்புள்ள என்பவற்றில் ‘உள்ள’ சேர்ந்துள்ளது. படித்த, உழைக்கிற, வாழும் என்பன முழுமையான பெயரெச்சங்கள். காலத்தை வெளிப்படையாகவே காட்டுவன. நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய போன்ற சிலவே பெயரடை என்று தனித்து நிற்கின்றன. தற்காலத் தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதிய தாமஸ் லேமன், 1989-இல் நம் புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அந்நூலில், பெயரடையைத் தனிச்சொல்வகையாகக் கொள்கிறார். ஆயினும் இவ்வகையில் அடங்கும் தனிச்சொற்கள் மிகச் சிலவே.

தொல்காப்பியர் பெயரடை என்றொரு சொல்வகையை வகுக்கவில்லை. பெயர், வினை, இடை, உரி என நான்கே அவர் கண்டவை. பண்பை உணர்த்தும் உரிச்சொற்களுக்கு ஓர் இயலே ஒதுக்கினார். ‘நல்லன்’ போன்ற சொற்களை வினையோடு சேர்த்தார். யான் நல்லேன், நீ நல்லை, அவள் நல்லள், அவர் நல்லர் என இச்சொல் உண்டேன், உண்டாய் என்பன போலவே இடத்திற்கும் பாலுக்கும் ஏற்ப விகுதி பெறுகிறது. காலம் வெளிப்படாமல் குறிப்பாக நிற்பதால் இது குறிப்பு வினை. ஒருவனை நல்லன் என்றாலும் தீயன் என்றாலும் அங்கே காலம் ஒளிந்திருக்கிறது என்பதே நம் இலக்கண மரபின் கொள்கை.

பிற மொழிகளில் வேறு முறை உண்டு. அரபி ஓதிய நம் பிள்ளைகள் ‘நஅத்’ என்னும் அடையை அறிவர். அது தான் தழுவும் பெயருக்குப் பின்னே நின்று, அதன் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கு இயையும். பிரெஞ்சிலும் அடை பாலுக்கேற்ப மாறும். ஆண்பாலில் ‘பிளான்’ என்பது பெண்பாலில் ‘பிளான்ஷ்’ ஆகும். நம் ‘நல்ல’ என்னும் அடையோ பையனுக்கும் பெண்ணுக்கும் மாட்டுக்கும் மாறாது நிற்கும்.

அண்மையில் பசிபிக் மாகடலில் உள்ள பலாவு என்னும் சிறு நாட்டின் மொழியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1994-இல் விடுதலை பெற்ற அத்தீவு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. அவர்களுடைய மொழிக்கு விரிவான இலக்கணம் எழுதிய லூயிஸ் ஜோசப்ஸ், நல்ல, பெரிய, வெப்பமான எனப் பொருள்படும் சொற்களை எல்லாம் ‘நிலை வினை’ என்றே வகுத்துள்ளார். நேற்று வெப்பமாக இருந்தது என்பதற்கு, ‘ம்லெ’ என்னும் இறந்தகாலச் சொல்லை அவ்வினையின் முன் வைப்பர். ‘நல்ல மனிதர்’ என அடையாக்க வேண்டுமாயின் இரண்டுக்கும் இடையே ‘எல்’ என்னும் இணைப்புச் சொல் வரும். அதே ‘எல்’ தான் ‘குடிக்கிற மனிதர்’ என்பது போன்ற தொடர்களையும் இணைக்கிறது. அடையும் வினையும் அங்கே ஒரே வாயிலில் நுழைகின்றன. நமக்கு எவ்வகை உறவும் இல்லாத ஒரு மொழி, தொல்காப்பியர் கண்டதைப் போன்ற ஓர் உண்மையைத் தன் வழியில் கண்டிருப்பது எனக்கு வியப்பளித்தது.

காலம் முற்றிலும் மறைவது பண்புத்தொகையில். செந்தாமரை என்பதைச் செம்மையாகிய தாமரை என்று விரித்தால்தான் ‘ஆகிய’ வெளிப்படும். தொகையில் அது மறைந்துவிடும். மலருக்கு அது அழகு; மனிதருக்கும் அவர்தம் குடியிருப்புக்கும் அப்படிச் சொல்ல முடியாது. நம் ஊரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ‘வில் பிளான்ஷ்’, வெள்ளை நகரம். மேற்கே ‘வில் நுவார்’, கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர் பெயரிட்டனர். முல்லா வீதியும் காஜியார் வீதியும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ளவை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் அது நிறைவேறியது. ஆட்சி போயிற்று, அடைமொழி போகவில்லை. கடற்கரைப் பக்கத்து விடுதிகளின் விளம்பரங்களில் ‘வெள்ளை நகரம்’ இன்றும் வாழ்கிறது. யாருக்கு, எப்போது வெள்ளையாய் இருந்த நகரம் என்று எவரும் விரித்துக் கேட்பதில்லை.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் பலர் ஆசிரியராவீர்கள். அலுவலகங்களில் பிறரைப் பற்றிக் குறிப்பெழுதும் பொறுப்பில் அமர்வீர்கள். சோம்பேறி, முரடன், மந்தமானவன் என எழுத எழுதுகோல் விரையும்போது ஒரு கணம் நிறுத்தி, அச்சொல்லை விரித்துப் பாருங்கள். எப்போது ஆனான், எதனால் ஆனான், இனி எவ்வாறு ஆகக்கூடும் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு இடந்தரும் மொழியை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அந்த மாணவன் அவ்வாண்டு இறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் ஒன்றும் வாங்கிவிடவில்லை. தேர்ச்சி பெற்றான், அவ்வளவே. ஆனால் அட்டையைப் பெற்றுச் செல்ல வந்த அவனுடைய தாயார், இம்முறை நான் எழுதியிருந்ததை என்னையே படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “இதுக்கு முன்னாடி உள்ளதும் நீங்க எழுதுனதுதானே சார்?” என்று கேட்டார். “ஆம், அம்மா. அப்போது அப்படி எழுதியவனும் நான்தான்” என்றேன்.