சித்தி வாயில் வெள்ளைக் கோடு

எங்க ஊர்ல வாய்ப்புண்ணுன்னா உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும்தான் வைத்தியம். சாதாரணப் புண் ரெண்டு வாரத்துல தானாவே ஆறிடும். பேரைக் கீரை வாங்கிக்கும்.

சித்திக்கு எட்டு மாசமா ஆறலை. ரசம் பட்டாலே எரிச்சல். களையெடுக்கிற இடத்துல எல்லாரும் பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டுக் கஞ்சி குடிக்க, இவங்க வெறும் மோர்ச்சோறோட இருப்பாங்க. ஒட்டிக்குமோன்னு சிலர் தண்ணிச் சொம்பைக்கூடத் தள்ளி வச்சாங்க.

பல் டாக்டர் டார்ச் அடிச்சுக் காட்டினார். ரெண்டு கன்னத்துக்கு உள்ளேயும் வலை பின்னின மாதிரி வெள்ளைக் கோடுகள், நடுவுல சிவந்த புண். துளி சதை எடுத்துப் பரிசோதிச்சதுல ‘லைக்கன் பிளானஸ்’னு உறுதியாச்சு. உடம்போட எதிர்ப்பு சக்தியே வாயின் உள்தோலைத் தாக்குற நோய். நடுவயசுப் பெண்களுக்குத்தான் அதிகம். யாருக்கும் ஒட்டாது.

அடியோட போக்க மருந்து இல்லை. எரிச்சல் அடங்க ஸ்டீராய்டு களிம்பு; பூசினா அரைமணி நேரம் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. காரம், புளிப்பைக் குறைக்கணும். புகையிலை, பாக்கு அறவே கூடாது. சுமார் நூத்துல ஒருத்தருக்குப் புற்றுநோயா மாறலாம்ங்கிறதால, ஆறு மாசத்துக்கு ஒருதடவை வாயைக் காட்டணும்.

சித்தி இப்ப குழம்புச்சோறு சாப்பிடறாங்க. எரிச்சல் நின்னா ஆஸ்பத்திரியை மறந்துடறது எங்க ஊர் வழக்கம். போனா ஒருநாள் கூலி போச்சே! அதனால அடுத்த தேதியை நாத்து விடுற தேதிக்குப் பக்கத்துலயே காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன்.

ஊருக்கு வரும்போது உங்க அம்மாவோ அத்தையோ ‘காரம் வேணாம்ப்பா’ன்னு ஒதுக்கினா, வாயைத் திறக்கச் சொல்லி ஒருதடவை பாருங்க.