பட்டியலில் விடுபட்ட பெயர்

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதியன்று, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீகக் கிராமத்தில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வந்தேன். ஒடிசாவில் பிறந்து வளர்ந்து, ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளி வருபவன் நான். என் தந்தையார் உத்தியோகத்திலிருக்கும்போதே காலமானார். பள்ளியிறுதித் தேர்வு தேறியிருந்த எனக்கு அதனால் கிடைத்த வேலை இது. இருப்பினும் என் பெயரும் அம்மாவின் பெயரும் கிராமத்து வாக்காளர் பட்டியலிலேயே இருந்து வந்தன. "வேர் அங்கேதானே இருக்கிறது" என்பது அம்மாவின் வாதம். வழக்கமாகக் குடியிருக்கும் ஊரில்தான் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

வாக்களித்த பதினைந்தாம் நாள் ஃபானி புயல் வந்தது. அது தமிழ்நாட்டுக் கரையை நோக்கி வரக்கூடும் என்றுதான் முதலில் செய்தி பரவிற்று. ஆறு மாதங்களுக்கு முன்பு, 2018 நவம்பரில், கஜா புயலிடம் அடிபட்டிருந்த உறவினர்கள் கலங்கிப்போய்த் தொலைபேசியில் பேசினர். புயலோ வடக்கே திரும்பி, மே 3-ந் தேதி காலையில் புரிக்கு அருகே கரையேறிற்று. மணிக்கு 175 கிலோ மீட்டருக்குக் குறையாத காற்று! என் வாக்கு அங்கே இருந்தது; கூரை இங்கே பறந்தது.

எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய சிறு நகரம். அதன் பெயர் இக்கட்டுரைக்கு வேண்டுவதில்லை. இவ்வூரார் புயலைப் 'பாத்யா' என்பர். 1999-ஆம் ஆண்டுப் பெரும் பாத்யாவில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். இம்முறையோ சர்க்கார் முன்கூட்டியே பன்னிரண்டு லட்சம் பேரை அப்புறப்படுத்தியிருந்தமையால், மாண்டோர் தொகை நூற்றுக்குள் அடங்கிற்று. ஆனால் உயிர் பிழைத்தபின் வாழ்ந்தாக வேண்டுமல்லவா? மின்கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரமின்றிக் குழாயில் நீரில்லை, தெருவெங்கும் மரங்கள். அவற்றை வெட்டுவது, குடிநீர் வண்டி அனுப்புவது, சேதத்தைக் கணக்கெடுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் நகரசபை வாசலிலே நின்றனர். அங்கே முறையிடக் கவுன்சிலரும் இல்லை. ஒடிசாவில் பெரும்பாலான நகரசபைகளின் காலம் 2018-லேயே முடிந்து, மறு தேர்தல் நடவாதிருந்த வேளை அது. அதிகாரிகளே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று.

ரயில்வே காலனி மதிலுக்குள் இருந்த எங்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஓடு போனால் ரயில்வேயின் ஆட்கள் வருவர். மதிலுக்கு வெளியே, சந்தின் முனையில், வாடகை அறையொன்றில் இட்டிலி சுட்டு விற்றுவந்தார் மன்னார்குடிப் பக்கத்து அம்மையார் ஒருவர். கணவரை இழந்தவர், ஒரே பையன். அவரை அக்கா என்றே அழைப்போம். கஜா புயலுக்காக நம் சங்கத்தின் சார்பில் நான் உண்டி ஏந்திச் சென்றபோது, ஒரு நாள் வியாபாரத்தை அப்படியே போட்டவர் அவர். ஃபானி அவருடைய கல்நார்க் கூரையைத் தூளாக்கிவிட்டது. தாயும் பிள்ளையும் எங்கள் குவார்ட்டர்ஸ் தாழ்வாரத்தில் வந்து தங்கினர்.

ஐந்தாம் நாள் காலை, கணக்கெடுக்க இருவர் வந்தனர். அக்கா தண்ணீர் வண்டிக்குக் குடத்துடன் போயிருந்தார். நான் அலுவலகத்துக்கு விரைந்துகொண்டிருந்தேன். "அந்த அறையில் யார் இருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டனர். "வாடகைக் குடித்தனம், வெளியூர்க்காரர்கள்" என்று ஒரியாவில் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லால் அவர்கள் எழுதுகோல் அந்த வீட்டைத் தாண்டிச் சென்றது.

நகரசபைச் சுவரில் பட்டியல் ஒட்டப்பட்ட அன்றுதான் விஷயம் வெளியாயிற்று. சொன்னவன் நான் என்பதையும் அக்கா எப்படியோ அறிந்துகொண்டார். கோபிக்கவில்லை. மாலையில் அடுப்பை மூட்டிக்கொண்டே, "தம்பி, பதினோரு வருஷமா இந்தத் தெருவுக்கு இட்லி சுட்டுப் போடறேன். நான் எந்த ஊர்க்காரி?" என்று மட்டும் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கோப்பில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பதை நாள்தோறும் அலுவலகத்தில் காண்கிறவன் நான். அப்படியிருந்தும், ஒரு குடும்பத்தை என் வாயாலேயே கோப்புக்கு வெளியே தள்ளிவிட்டேனே!

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஒரியாவில் எனக்குப் பேச்சு உண்டு. மனு எழுதும் அளவுக்கு எழுத்து இல்லை. சந்திலிருந்த ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் எழுதித் தந்தார். அக்கம்பக்கத்தார் பதினான்கு பேர், எல்லாரும் ஒரியர்கள், கையெழுத்தும் கைநாட்டும் இட்டனர். அவருள் ஒருவரேனும் 'வெளியூர்க்காரி' என்று சொல்லவில்லை. நகரசபைக் குமாஸ்தா மனுவைப் படித்து, ஆள் அனுப்பி அறையைப் பார்வையிடச் செய்து, பெயரைச் சேர்த்தார். கூரைக்குப் போடப் பாலிதீன் விரிப்புக் கிடைத்தது.

அரிசி கிடைக்கவில்லை. எங்கள் பகுதியில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டை பெற்ற குடும்பங்களுக்கு 50 கிலோ அரிசியும் 2,000 ரூபாயும் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. அக்காவின் அட்டையோ மன்னார்குடியில், தம்பி வீட்டுப் பெட்டியில் இருந்தது. இதில் நகரசபையாரைக் குறை கூற நான் ஒப்பேன். பதினோரு ஆண்டுகள் அக்காவின் இட்டிலியைத் தின்ற நாங்கள், "இவ்வூரில் ஓர் அட்டைக்கு மனுப் போடுங்கள்" என்று ஒருநாளும் சொல்லவில்லையே! பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் கூடினோம். ஊருக்கு நிதி அனுப்பினோம். குடியிருக்கும் தெருவின் காரியத்தை மட்டும் பிறர் காரியம் என்று விட்டுவிட்டோம்.

நிற்க. அவ்வாண்டு இறுதிக்குள் எங்கள் பெயர்களையும் அக்காவின் பெயரையும் இவ்வூர் வாக்காளர் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டோம். அம்மா இரண்டு நாள் பேசாமலிருந்து, பிறகு தாமே மனுவில் கையெழுத்திட்டார். அக்கா இவ்வூரிலேயே அட்டைக்கும் மனுச் செய்து பெற்றுக்கொண்டார். 2022 மார்ச்சில் நகரசபைத் தேர்தல் நடந்தபோது, எனக்கு நாலு பேர் முன்னே, அன்றைய இட்டிலிக் கடையை மூடிவிட்டு வந்து நின்றிருந்தார்.

அன்பர்களே! மாற்றலாகி வந்தவராயினும், பிழைக்க வந்தவராயினும், நீங்கள் குடியிருக்கும் வீட்டின் விலாசம் உங்கள் அட்டைகளில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அண்டையில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவர்களுடையதையும் பாருங்கள். வேரை மறக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கூரை எங்கே இருக்கிறதோ அங்கேயும் பெயர் இருக்கட்டும்.

2024 அக்டோபரில் டானா புயல் வருவதாகச் செய்தி வந்தது. வார்டு ஊழியர் ஒருவர் பட்டியலோடு சந்துக்கு வந்து அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புயல் எங்களை விட்டு வடக்கே, பிதர்கனிகா பக்கம் கரையேறிவிட்டது. அன்று காலையும் அக்கா கடையில் இட்டிலி வெந்துகொண்டிருந்தது.