குப்பையில் எழுந்த ராஜ்யம்

சண்டிகரின் சுக்னா ஏரிக்கரையில் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் அரசுக்குத் தெரியாமல் கட்டிய தோட்டம், அந்த நகரின் திட்டத்துக்குள் இன்றுவரை அடங்கவில்லை

சண்டிகரில் வழி தவறுவது கடினம். செக்டர்களுக்கு எண் உண்டு. சாலைகள் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேராக ஓடுகின்றன. எந்தச் சாலையில் எந்த மரம் என்பதுகூட முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. ஆனால் செக்டர் 1ல், சுக்னா ஏரிக்கும் கேபிடல் வளாகத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பாதையாவது நேராகப் போகிறதா என்றால், இல்லை. வாசல்கள் தாழ்வானவை, சற்று உயரமானவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மந்திரியானாலும் சரி, மாணவனானாலும் சரி.

குனிந்து நிமிர்ந்தால் எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது. உடைந்த வளையல்களை உடுத்திய பெண்கள். பீங்கான் கோப்பைச் சில்லுகளால் ஆன கரடிகள், குரங்குகள், மயில்கள். கொலுப்படியில் வைத்ததுபோல வரிசை வரிசையாக, எல்லாரும் வருகிறவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுவர்களை உற்றுப் பார்த்தால் பழைய பிளக் பாயிண்ட்டுகள், வாஷ்பேசின் துண்டுகள், தார் டிரம்கள் தெரிகின்றன. காயலான் கடைக்காரர்கூட வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய பொருள்கள்தான் இங்கே மதில், மண்டபம், அரண்மனை எல்லாம்.

இதைக் கட்டிய நேக் சந்த் சைனி சிற்பியல்ல, கட்டடக் கலைஞரும் அல்ல. 1924ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கட் பகுதிக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராஜாக்களும் ராஜ்யங்களும் நிறைந்த கதைகளை அம்மாவிடம் கேட்டு வளர்ந்தார். 1947ல் பிரிவினை வந்தது. அந்தக் குடும்பமும் லட்சக்கணக்கான குடும்பங்களைப் போல ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1951ல் அவருக்குப் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. வேலை செய்த இடம், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த சண்டிகர்.

லாகூரைப் பாகிஸ்தானிடம் இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. பழமையின் சுமையில்லாத நகரமாக அது இருக்க வேண்டும் என்று நேரு விரும்பினார். பிரான்சிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் லெ கார்பூஸியே வரைபடம் தந்தார். அந்த வரைபடத்துக்காக, அங்கே ஏற்கெனவே இருந்த கிராமங்கள் பல காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. ஓடும் செங்கல்லும் பானையும் வளையலும் குவியல் குவியலாகக் கிடந்தன. சொந்தக் கிராமத்தை இழந்து வந்த ஒருவர், மற்றவர்கள் இழந்த கிராமங்களின் மிச்சத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

1950களின் பிற்பாதியில் அவர் பொறுக்க ஆரம்பித்தார். முதலில் கற்கள். சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகளில் தண்ணீர் தேய்த்து உருட்டிய கற்கள் அவருக்கு மனிதர்களாகவும் பறவைகளாகவும் தெரிந்தன. அவற்றை சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். பிறகு இடிபாடுகள், சூளையில் அளவுக்கு மேல் வெந்து உருகிப்போன செங்கற்கள், பட்டறைக் கசடு. முடி திருத்தும் கடைகளிலிருந்து தலைமுடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

சேர்த்ததை வைக்க அவர் தேர்ந்தெடுத்தது ஏரிக்குப் பக்கத்திலிருந்த காட்டுப்பகுதி. 1958ல் ஒரு பருவகால ஓடையை மறித்து உருவாக்கப்பட்டது சுக்னா ஏரி. அதையொட்டிய அந்தக் காட்டில் யாரும் எதையும் கட்டக் கூடாது என்பது அரசு விதி. கட்டக் கூடாத இடம் என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று. பகலில் அரசுக்குச் சாலை வேலை. பொழுது சாய்ந்ததும் பழைய டயர்களைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் சொந்த வேலை. சைக்கிள் ஃபிரேமும் ஹேண்டில்பாரும் சிலைகளுக்கு எலும்பாயின. அதன்மேல் சிமென்ட் பூசி, ஈரம் காயுமுன் சில்லுகளைப் பதித்தார்.

இதில் இன்னொரு விதிமீறலும் இருந்தது. நகரிலோ பூங்காக்களிலோ தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்று கார்பூஸியே சண்டிகருக்காக எழுதிய சாசனத்தில் இருக்கிறது. தலைவர்களின் சிலை இல்லாத அந்த நகரத்தின் விளிம்பில்தான், பெயரே இல்லாத மக்களின் சிலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்துகொண்டிருந்தன.

ஏறத்தாழ 18 ஆண்டுகள் ரகசியம் காப்பாற்றப்பட்டது. மனைவிக்கும் மிகச் சிலருக்கும் மட்டுமே விஷயம் தெரியும். 1975ல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது தோட்டம் சுமார் 12 ஏக்கருக்குப் பரவியிருந்தது. சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளிவிட்டு ஊழியர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான் முறை. ஆனால் பார்த்தவர்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. செய்தி பரவி ஜனங்கள் திரண்டு வர, நிர்வாகம் வேறு வழியில் யோசித்தது. 1976ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குற்றவாளி ஆகியிருக்க வேண்டியவருக்கு ராக் கார்டனின் சப் டிவிஷனல் இன்ஜினீயர் என்ற பதவியும், சம்பளமும், 50 தொழிலாளர்களும் கிடைத்தார்கள். அரசு எந்திரம் இப்படி நடந்துகொள்வது அபூர்வம்.

பிறகு பெருமைகள் வந்தன. 1983ல் தபால் தலையில் இடம்பிடித்தது தோட்டம். 1984ல் நேக் சந்துக்கு பத்மஸ்ரீ. 1986ல் வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்காக இதேபோல ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். இங்கே அருவிகள், வளைவுகள், ஊஞ்சல்கள் என்று தோட்டம் சுமார் 40 ஏக்கர் வரை வளர்ந்தது.

ஆனால் நகரம் அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. 1980களின் இறுதியில் தோட்டத்தின் ஊடே சாலை போட புல்டோசர்கள் வந்தன. சண்டிகர்வாசிகள் கைகோத்து மனிதச் சங்கிலியாக எதிரே நின்றார்கள். 1989ல் நீதிமன்றத் தீர்ப்பு தோட்டத்துக்குச் சாதகமாக வந்தது. 1996ல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபோது பல சிலைகள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. பராமரிப்பு ஊழியர்கள் திரும்பப் பெறப்பட்டிருந்தார்கள். மறு ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை உருவாகி, வெளிநாட்டுத் தொண்டர்களும் பராமரிப்பில் கைகொடுத்தார்கள்.

2015 ஜூன் 12ம் தேதி தமது 90வது வயதில் நேக் சந்த் காலமானார். அடுத்த ஆண்டு கார்பூஸியேயின் கேபிடல் வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் ராக் கார்டன் அதில் இல்லை. 2025 மார்ச்சில், சாலையை அகலப்படுத்தவும் உயர்நீதிமன்றத்துக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடம் ஏற்படுத்தவும் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மறுபடி திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தத் தடவை சுவர் தப்பவில்லை.

ஒரு சுவர் போனால் என்ன, நாற்பது ஏக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். கார்பூஸியேயின் கட்டடத்தில் விரிசல் விட்டால் பார்த்துச் சரிசெய்ய வரைபடம் இருக்கிறது. நேக் சந்த் முன்கூட்டி வரைபடம் போட்டுக் கட்டியவரல்ல. கையில் கிடைத்த சில்லைப் பார்த்து, அது எங்கே பொருந்தும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தவர். அவர் இல்லாத இன்று, இடித்த சுவரை மறுபடி கட்டலாம். ஆனால் அது வேறு யாரோ கட்டிய சுவராகத்தான் இருக்கும். அதில் பதிந்திருந்தது வெறும் பீங்கான் அல்ல. புதிய நகரத்துக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பின்னால் விட்டுப்போன பண்டபாத்திரமும் அதில் சேர்த்தி. அந்தக் கிராமங்களுக்கு சண்டிகரில் இருக்கும் நினைவுச்சின்னம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் ஏரிக்கரையில் காற்று வாங்க வருகிறவர்களில் பலர் தோட்டத்துக்குள்ளும் ஒரு நடை போய்வருகிறார்கள். தாழ்ந்த வாசலில் குழந்தைகள் நிமிர்ந்தபடியே ஓடிவிடுகின்றன. பெரியவர்கள் குனிகிறார்கள். நகரத்தை நிர்வகிக்கிறவர்களும் அவ்வப்போது அந்த வாசல் வழியாக ஒருமுறை போய்வருவது நல்லது.