டொரான்டோவில் ஒரு தாய்மார் கூடம்

“கனடா போயிட்டு வந்தீங்களாமே, நயாகரா பார்த்தீங்களா?”

ஊர் திரும்பிய நாளாக எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பார்த்தேன். ஓரமெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து நிற்க, நடுவில் ஹோவென்று விழுந்துகொண்டிருந்தது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரிகளே, அங்கே இருந்த மூன்று மாதத்தில் என் மனசில் தங்கிப்போன இடம் நயாகரா இல்லை. தரையில் கம்பளம் விரித்து, மூலையில் மரக்கட்டை பொம்மைகளைக் குவித்து வைத்திருந்த ஒரு சாதாரண ஹால்!

2019 ஜனவரியில் என் நாத்தனார் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போனேன். நாத்தனாருக்கு முழங்கால் வலி, அந்தக் குளிர் தாங்காது என்று என்னை அனுப்பி வைத்தார்கள். டொரான்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் அவர்கள் வீடு. 1998 வரை அது தனி நகரமாக இருந்து, பிறகு டொரான்டோவோடு சேர்ந்ததாம். தமிழ் போர்டு போட்ட கடைகளைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் தெளிந்துவிட்டது. முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கிடைக்கிற ஊரில் என்ன கவலை?

கவலை மூத்த குழந்தையால் வந்தது. மூன்று வயசு வாலு. வெளியே மைனஸ் 15 டிகிரி. நாள் பூரா நாலு சுவருக்குள் எப்படி அடைத்து வைப்பது? “அத்தை, பக்கத்துல ஒரு குழந்தைங்க சென்டர் இருக்கு. காசு கிடையாது. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி அங்க தொண்டு செய்யறாங்க, அவங்களோட போயிட்டு வாங்க” என்றாள் மருமகள்.

எதிர் வீட்டம்மா யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயசாவது பெரியவர். முதல் நாளே என்னைத் “தங்கச்சி” என்றார், நான் “அக்கா” என்றேன், உறவாகிப் போனோம்.

கிளம்புவதே ஒரு வேலைதான். முதலில் பஞ்சு வைத்த காற்சட்டை, பிறகு பூட்ஸ், அதன்மேல் ஜாக்கெட், குல்லாய், கடைசியில் கையுறை. வரிசை மாறினால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட வேண்டும். கையுறை தொலையாமலிருக்க ஒரு கயிற்றில் இரண்டையும் கோத்து ஜாக்கெட் கைக்குள் விட்டுவிடுகிறார்கள். நல்ல யோசனை! பனி பெய்தாலும் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடுவார்களாம், அதனால் புதிதாக வந்த தாய்மாருக்கு அந்தக் கூடத்தில் சொல்லித் தருகிற பாடங்களில் இதுவும் ஒன்று.

ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் இப்படிப்பட்ட கூடங்கள் இருக்கின்றன. 2018 முதல் ‘எர்லி ஆன்’ என்று பெயர். பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயசு வரை வரலாம். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட முடியாது. அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோ கூடவே இருக்க வேண்டும். குழந்தை விளையாடும், பெரியவர்கள் பேசிப் பழகுவார்கள்.

எல்லோருக்கும் பொதுவான இடம்தான். ஆனால் நான் போன ஹாலில் பாதிப் பேர் அகதியாக வந்த தாய்மார். தலையில் முக்காடிட்ட சிரியாக்காரிகள், எரித்திரியாவிலிருந்து வந்த பெண்கள், ஆப்கானிஸ்தான்காரி ஒருத்தி. 2015 நவம்பரிலிருந்து 2016 பிப்ரவரி முடிவதற்குள் மட்டும் கனடா 25,000 சிரிய அகதிகளை அழைத்துக்கொண்டது. அதற்கெல்லாம் முன்பே நம் ஈழத்துச் சனங்கள் வந்துவிட்டார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வரத்து கூடியது. 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். அதே வருஷம்தான் அகதிகளுக்கு உதவியதற்காக ஐக்கிய நாடுகளின் நான்சென் விருது கனடா நாட்டு மக்களுக்குக் கிடைத்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாராவது ஒருத்தர் எழுந்து நின்று, “குழந்தையை இப்படி வளர்க்க வேண்டும்” என்று பிரசங்கம் செய்வார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “உங்கள் ஊரில் குழந்தையை எப்படித் தூங்க வைப்பீர்கள்?” என்று ஒவ்வொருத்தரையும் கேட்டாள். ஒரு சிரியாக்காரி தயங்கித் தயங்கி ஒரு தாலாட்டு பாடினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் தாலாட்டு என்று புரிந்தது. என்னையும் விடவில்லை. நானும் ஆராரோ பாடினேன்! வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தானாக வந்துவிடும் என்பதுதான் அங்கே அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை.

“இதென்ன பெரிய விஷயம், தாலாட்டு பாடுவதற்கு ஒரு ஆபீஸா?” என்று திரும்பும் வழியில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

“தங்கச்சி, 88ஆம் ஆண்டு நாங்கள் வரேக்கை மகனுக்கு ஆறு வயது. ஆறு மாதத்திலை அவன் இங்கிலீசு கதைக்கத் தொடங்கிட்டான். நானும் அவரும் வாயில்லாத ஆக்கள் மாதிரி. கடிதம் வந்தால் அவன்தான் பாத்துச் சொல்லுவான். டொக்டரிட்டைப் போனாலும் அவன்தான். எனக்குப் பொம்பிளை வருத்தம். அதைச் சின்னப் பெடியனுக்கு எப்பிடிச் சொல்லுறது? வயித்துக்குத்து எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். “என்னடா?” என்று கேட்டதற்குச் சுற்றுலா போகிறார்கள், கையெழுத்துப் போடுங்கோ என்றானாம் பையன். போட்டுவிட்டார். இன்னொரு பையனைத் தள்ளி விழுத்தியதற்காகத் தாய் தகப்பனை வரச் சொல்லி எழுதிய கடிதம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

“கோவத்திலை அகப்பைக் காம்பாலை அடிச்சுப்போட்டன். கையிலை தழும்பு. ரீச்சர் கண்டிட்டா. மூண்டாம் நாள் வாசல்லை ரெண்டு பேர் வந்து நிக்கினம். அவை கேக்கிறதை எனக்கு ஆர் சொல்லுறது? அவன்தான்! அடி வாங்கின பிள்ளையே அடிச்ச தாய்க்கு மொழிபெயர்க்குது. என்னைப் பாத்து அழுதுகொண்டே, ‘அம்மா, நீங்கள் அடிச்சதோ எண்டு கேக்கினம்’ எண்டான்.”

எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

வந்தவர்களே கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஒரு தமிழ்ப் பெண்ணை அழைத்து வந்தார்களாம். “பிள்ளையைக் கொண்டு போகேல்லை. ஆனால் நான் மூண்டு மாதம் அவனைத் தொடேல்லை, தங்கச்சி. தலை வாரிவிடக்கூடப் பயம். அந்தத் தமிழ்ப் பொம்பிளைதான் கிழமைக்கு ஒருக்கா வருவா. என்னைத் திட்டேல்லை. ஊரிலை எப்பிடி நித்திரையாக்குவீங்கள், எப்பிடிச் சோறு தீத்துவீங்கள் எண்டு கேட்டா. சொன்னன். ‘இதெல்லாம் இங்கையும் செய்யலாம், ஆரும் தடுக்க மாட்டினம். அடியை மட்டும் விடுங்கோ. கடிதம் வந்தால் பிள்ளையிட்டைக் குடுக்காமல் என்னட்டைக் கொண்டு வாங்கோ’ எண்டா. அண்டைக்கு ராத்திரிதான் அவனுக்கு மறுபடி சோறு தீத்தினன்.”

தாலாட்டைப் பற்றிச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே சட்டம் வேறு. 2004-ல் கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: இரண்டு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தையையோ, பன்னிரண்டு வயசைத் தாண்டிய பிள்ளையையோ கண்டிக்கிறேன் என்று அடிக்கக் கூடாது. எந்த வயசானாலும் பொருளால் அடிக்கக் கூடாது, தலையிலோ முகத்திலோ கை வைக்கக் கூடாது. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஆசிரியை தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பயமுறுத்திச் சொன்னால் தாய் ஒடுங்கிவிடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கற்றுக்கொள்வாள் என்பது அக்காவின் அனுபவம்.

இப்போது உதவிகள் கூடியிருக்கின்றன. 1992-ல் தொடங்கிய ‘லிங்க்’ என்ற அரசாங்க ஆங்கில வகுப்புகள் சிலவற்றில், அம்மா படிக்கும் நேரம் குழந்தையைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்கிறார்கள். பல பள்ளிக்கூடங்களுக்குக் குடியேற்ற உதவியாளர்கள் வருகிறார்கள். பெற்றோரிடம் சரியான குடியுரிமைக் காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்டாரியோ சட்டமே சொல்கிறது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புகளும் உண்டு. அக்காவின் பேத்தி போகிறாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று பள்ளிக்கூடம் லீவு. ஒரு சிரியாக்காரி கைக்குழந்தையோடு, எட்டு வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். பையன் முன்னால் வந்து, பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடிதத்தைப் பிரித்து இங்கிலீஷில் ஆரம்பித்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்கு அரபி ஒரு எழுத்து தெரியாது. எழுந்து போய்க் கடிதத்தை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி, அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தார். அவள் டெலிபோனில் அரபி பேசுகிற ஒருவரைக் கூப்பிட்டாள். அக்கா பையனின் தோளைத் தட்டி, மரக்கட்டைக் குவியலைக் காட்டி, “நீ போய் விளையாடு” என்றார், தமிழிலேயே!

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். ஓடினான் பாருங்கள், அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கட்டைகளை அடுக்கி, இடித்து, மறுபடி அடுக்கி... கொஞ்ச நேரத்தில் என் வாலுவும் அவனோடு சேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் அவன் அம்மா டெலிபோனைக் காதில் வைத்து, தன் பாஷையில், தன் குரலில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கடிதம் பல் பரிசோதனையைப் பற்றியதுதானாம். ஆனாலும் அது அம்மாவுக்கு வந்த கடிதம் அல்லவா?

வெளிநாட்டில் பெண்ணுக்கோ மருமகளுக்கோ ஒத்தாசைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்தில் புதிதாக வந்து திகைத்து நிற்கும் தாய் யாராவது இருந்தால், உங்கள் பேரக்குழந்தையோடு அவளையும் இப்படி ஒரு கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். குழந்தை வளர்க்க அவளுக்குத் தெரியும். ஊர்தான் புதுசு.

மார்ச் மாசக் கடைசியில் திருச்சி வந்து இறங்கினேன். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருப்பது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எத்தனை தடவை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருப்பேன்! அங்கே ஒரு தாயோடு பேச எனக்கு டெலிபோனும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். இருந்தும் ஒருநாள்கூட இறங்கியதில்லை.

அந்தக் கூடத்துக்குப் போய் வந்த பிறகு, அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் சும்மா உட்கார முடியவில்லை.