லாகின் திரை வரைக்கும்

திங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் தின் கிளையன்ட் பெட்டிகளைப் பொருத்தியாயிற்று. மாணவர் காணப்போகும் விண்டோஸ் முழுவதும் கீழ்த்தளத்து சர்வரில் ஓடுகிறது. ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி தானே அதைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் உட்கார்ந்து முகவரியைப் பதியலாம்தான். நாளை ஒன்று பழுதாகி வேறு பெட்டி வந்தால் அதே வேலை மறுபடியும் வரும். அதனால் பெட்டியில் எதையும் எழுதாமல் நெட்வொர்க்கில் எழுதினேன். பெட்டி விழித்ததும் டிஹெச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி கேட்கிறது. அந்தப் பதிலோடு வேறு விவரங்களையும் சேர்த்து அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வைஸ் கருவிகளின் பழைய தின்ஓஎஸ், 161-இல் கோப்பு சர்வரின் முகவரியையும் 162-இல் கோப்புறையின் பாதையையும் எதிர்பார்க்கும். மாணவரை அவருடைய மெய்நிகர் கணினியோடு சேர்த்துவைக்கும் புரோக்கர் எது என்பது அங்குள்ள சிறு கோப்பில் இருக்கிறது.

செவ்வாய்

துறைத்தலைவர் மேடம் வந்து பார்த்தார். "பாஸ்வேர்டும் தானாவே போயிடற மாதிரி பண்ணிடலாமே சார்? எல்லாருக்கும் ஒரே பேரு போதும்."

முடியும், கோப்பில் அதற்கும் இடமுண்டு. வேண்டாம் மேடம் என்றேன். எஃப்டிபி வழியே வரும் அந்தக் கோப்பு தபால் அட்டை மாதிரி, நடுவில் யாரும் படிக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மெய்நிகர் டெஸ்க்டாப்பில் இணைப்பு அறுந்தாலும் உள்ளே திறந்திருந்த வேலை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பாதி எழுதிய புரோகிராமை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய் லாகின் செய்தால், விட்ட வரியிலேயே தொடரலாம். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு இது சொந்தக் கணினி கிடைத்ததற்குச் சமம். பொதுப் பெயர் கொடுத்தால் அவளுடைய வேலை அடுத்து உட்காருபவர் முன் திறந்து கிடக்கும். தானியங்கி ஏற்பாடு லாகின் திரையோடு நிற்கட்டும். மேடம் ஒப்புக்கொண்டார்.

புதன்

நீண்ட மின்வெட்டு, யுபிஎஸ்ஸும் ஓய்ந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் பெட்டிகள் சட்டென எழுந்தன. சர்வர் எழுந்து புரோக்கர் தயாராக வெகுநேரம் பிடித்தது. அதற்குள் பெட்டிகள் ஒருமுறை முயன்று, பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டன. விட்டு விட்டு மறுபடி முயலும்படி மாற்றினேன். மெய்நிகர் கணினிகளையும் ஒரே நேரத்தில் எழுப்பாமல் அணி அணியாக எழும்பும்படி வைத்தேன்.

வெள்ளி

வேறு துறையிலிருந்து வந்த பழைய பெட்டி ஒன்று மட்டும் இணைய மறுத்தது, சர்வரின் சான்றிதழ் செல்லாது என்றது. சான்றிதழில் குறையில்லை. உள்ளேயிருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பெட்டியின் தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தது. அதன் கணக்கில் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. சான்றிதழைத் தாண்டினாலும், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பேட்டரியை மாற்றியதோடு விடவில்லை. டிஹெச்சிபியில் நேர சர்வருக்கு உரிய 42-ஆம் எண்ணையும் நிரப்பினேன், இனி எல்லாப் பெட்டிகளும் எழுந்தவுடன் மணி கேட்டுக்கொள்ளும்.

திங்களன்று ஜாவா லேப். அதற்குள் பென் டிரைவ் அனுமதியைக் குழுவாரியாகப் பிரிக்க வேண்டும்: தேர்வுக் கணக்குகளுக்கு அடைப்பு, மற்றவர்களுக்குத் திறப்பு.