மனசுக்குள் ஐந்து எண்ணு

"உன்னை யாராவது அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். "யாரும் அடிச்சதில்லக்கா" என்றான் ஏழாம் வகுப்புப் பையன். அடுத்த வரி, "கரண்டியாலயோ விளக்குமாத்தாலயோ?" சட்டென்று சொன்னான்: "அது அம்மாதானே."

குழந்தைகள் மீதான வன்முறையை ஆராயும் குழுவில் நான் சேர்ந்த முதல் வாரம் அது. குழந்தைநல மருத்துவர் ஒருவர், புள்ளியியல்காரர் ஒருவர், மனநல ஆலோசகர் ஒருவர், சமூகப்பணி படித்துவிட்டு வந்த நாங்கள் ஆறு பேர். வன்முறை என்ற சொல்லைப் பிள்ளைகள் தங்கள் வீட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தத் துறையின் கேள்விகள் செயலைக் கேட்கும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கேட்காது. பல நாடுகளில் பயன்படும் 'ஐகாஸ்ட்' கேள்வித்தாளில் வாயில் மிளகாய் வைப்பதுகூட இருக்கிறது. கரண்டி, விளக்குமாறு எல்லாம் நாங்கள் சேர்த்தவை. தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தபோது, 'திட்டுவது' போன வேஷத்தில் திரும்பி வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தோம்.

பேட்டிக்கு இடம் பிடிப்பதற்கு ஒரே விதி: கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. பெரும்பாலும் பள்ளி வேப்பமரத்தடி. யாராவது டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தால், அட்டையில் செருகி வைத்திருக்கும் வேறு தாளுக்கு மாறிவிடுவோம். "காலையில என்ன சாப்பிட்ட?" அவர் போனதும் பழைய தாள்.

குழுவுக்குள் பெரிய சண்டையும் ஒன்று நடந்தது. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். "முதலிலேயே இதைச் சொன்னால் யார் வாய் திறப்பார்கள்?" என்றார் புள்ளியியல்காரர். "சொல்லாமல் வாங்கும் பதில் நம்பிக்கைத் துரோகம்" என்றார் ஆலோசகர். ஆலோசகர் பக்கம்தான் முடிவானது. பெற்றோர் கையெழுத்து இருந்தாலும், பிள்ளையிடமும் எல்லாவற்றையும் விளக்கி, அது சரி என்ற பிறகே ஆரம்பித்தோம்.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை, புள்ளியியல்காரர் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. மற்றவர்களின் தாள்களில் அங்கங்கே 'ஆம்' இருக்க, ஒருவர் தாள்களில் மட்டும் பாலியல் தொந்தரவு பற்றிய பகுதி முழுக்க 'இல்லை'. பேட்டியாளர் எண் 4. அது நான்.

வீட்டில் உட்கார்ந்து டிக் அடித்தேனா என்று அவர் வாய் கேட்கவில்லை, கண் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆலோசகர் என்னைத் தனியே அழைத்துப்போய், "என்னைப் பிள்ளையா நினைச்சுக் கேளு" என்றார். கேட்டேன். இரண்டாவது கேள்வியிலேயே நிறுத்திவிட்டார்.

"கேள்வி முடியறதுக்குள்ள உன் தலை 'இல்லை'ன்னு ஆடுது. கை அடுத்த பக்கத்தைத் திருப்புது. உனக்கு பதில் வேண்டாம்னு பிள்ளைக்குப் புரிஞ்சிடுது. கேட்டுட்டு மனசுக்குள்ள ஐந்து எண்ணு. தாளைத் தொடாதே."

பிழை இருக்கும் இடத்தை எண்கள் காட்டின. அது ஏன் வந்தது என்று எண்களுக்குத் தெரியாது, ஆலோசகருக்குத் தெரிந்தது. அவரிடம் மட்டும் விட்டிருந்தால், அப்படியொரு பிழை இருப்பதே வெளியில் வந்திருக்காது. கூட்டு ஆய்வு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை, கேட்டுவிட்டு எண்ணினேன். நான்கு வந்தபோது, துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்த சிறுமி, "இதைச் சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமாக்கா?" என்றாள். அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அன்றே ஆலோசகர் அவளோடு உட்கார்ந்தார். செய்ய வேண்டியவை நடந்தன.

என் பழைய தாள்களின் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே பிள்ளைகளிடம் மறுபடி போய்க் கிளறுவதும் கூடாது என்று முடிவானது. நான் எண்ணாமல் விட்ட விநாடிகளில் எத்தனை பேர் சொல்ல வந்து விழுங்கினார்களோ, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

2007-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. மூன்றில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள். பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. 'பிள்ளைகள் மறைக்கிறார்கள்' என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது, நாம் தாளைத் திருப்பும் வேகம்தான் அதில் தெரிகிறது.

உங்கள் வீட்டில் கேள்வித்தாள் தேவையில்லை. பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டபின் நீங்களே பதில் சொல்லிவிடாமல், ஐந்து வரை எண்ணுங்கள்.